மறைக்கல்வி

மறைக்கல்வி (பெயர்ச்சொல்): மறை + கல்வி. கத்தோலிக்க நம்பிக்கையில் ஒருவரை வளர்த்தெடுக்கும் பயிற்சி.

பிறப்பு: ‘ஒலிக்கச் செய்தல், வாய்மொழியாகக் கற்பித்தல்’ எனப் பொருள்படும் ‘காட்டேகெயோ’ என்ற கிரேக்க வினையிலிருந்து வந்த ‘கேட்டகேசிஸ்’ என்பதன் தமிழாக்கம். பழைய வழக்கு ஞானோபதேசம். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி இப்பெயரில் நூல் எழுதினார். கற்பிப்பவர் உபதேசியார்.

வேறுபாடு: சமயக் கல்வி பள்ளிப் பாடம், சமயத்தை அறியவைப்பது. மறைக்கல்வி பங்குச் சமூகத்தில் நடப்பது. நம்பி வாழப் பழக்குவது. இரண்டும் வேறானவை, ஆனால் ஒன்றையொன்று நிறைவுசெய்பவை என்கிறது வத்திக்கானின் 1997ஆம் ஆண்டு மறைக்கல்விப் பொது வழிகாட்டி.

வழக்கு: கர்நாடகத்தில், கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தாலும், செபத்தைத் தாய்மொழியில் கற்க மறைக்கல்வி வகுப்பு உதவும். மறைக்கல்வியைப் பேணுவது பெற்றோரின் பொறுப்பு, பங்கின் பொறுப்பும்கூட.