பழைய படைத்துறைச் சரக்குந்துகளின் பழுதுபார்ப்புக் கையேடுகள்

பழைய படைத்துறைச் சரக்குந்துகளின் பழுதுபார்ப்புக் கையேடுகள் என்பவை, படைகளில் பயன்பட்டுப் பின்னர் கழிக்கப்பட்ட சரக்குந்துகளை (லாரிகளை) இயக்கவும், பழுது நீக்கவும், அவற்றின் உறுப்புகளை இனங்காணவும் உதவும் நூல்கள் ஆகும். இவற்றைப் படைத்துறையோ, வண்டியைச் செய்த தொழிற்சாலையோ வெளியிட்டன. ஏலத்தில் வாங்கப்படும் வண்டியுடன் இந்நூல்கள் பெரும்பாலும் வருவதில்லை. எனவே வண்டியை மீட்டமைக்க விரும்புவோர் இவற்றைத் தனியே தேட வேண்டியுள்ளது. இந்தியாவில் இத்தேடலின் இயல்பை விளக்க ஜபல்பூரில் செய்யப்பட்ட சக்திமான் சரக்குந்து நல்ல எடுத்துக்காட்டாகும்.

நூல்களின் வகைகள்

ஓட்டுநருக்கான கையேடு, பட்டறைக்கான பழுதுபார்ப்பு நூல், படவிளக்க உறுப்புப் பட்டியல், மசகிடல் அட்டவணை ஆகியன பொதுவான வகைகள். இவற்றுள் பெரிதும் தேவைப்படுவது உறுப்புப் பட்டியலே எனலாம். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கியர்ப்பெட்டியை நூலின்றியே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் முன்பே காணாமற்போன ஓர் உறுப்பு எவ்வடிவில் இருந்தது, அதன் எண் என்ன என்பதை அவரால் ஊகிக்க இயலாது. உறுப்புகளைப் பிரித்து வரிசையாகக் காட்டும் படங்கள் இக்குறையைப் போக்குகின்றன.

வண்டியை அடையாளம் காணுதல்

நூலைத் தேடுவதற்கு முன் வண்டியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஓட்டுநர் முன்பலகையில் உள்ள உலோகத் தகடுகளில் வகைப்பெயரும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உறுப்புகள் வேறாக இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் செய்யப்பட்ட ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ என்ற 2½ டன் சரக்குந்து இருவேறு அச்சு வகைகளுடன் வெளிவந்தது. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பொருந்தாது. தகடுகள் கழற்றப்பட்ட வண்டிகளில் அடிச்சட்டத்திலும் எந்திரத்திலும் வெட்டப்பட்டுள்ள எண்களே துணை. ஆகவே துருவைத் தேய்த்து வண்ணம் பூசுவதற்கு முன் அவ்வெண்களை நகலெடுத்துக் கொள்வது நன்று.

அமெரிக்க நூல்கள்

ஐக்கிய அமெரிக்கப் படையின் நூல்கள் எண் முறையில் அமைந்தவை என்பதால் தேடுவது எளிது. சி.சி.கே.டபிள்யூ வண்டிக்கு டி.எம். 9-801, ஜீப்புக்கு டி.எம். 9-803, டாட்ஜ் முக்கால் டன் வண்டிக்கு டி.எம். 9-808 ஆகியவை உரியன. உறுப்புப் பட்டியல்கள் 'ஜி' எண்களால் அறியப்படுகின்றன. ஜீப்பின் எண் ஜி-503, சி.சி.கே.டபிள்யூவின் எண் ஜி-508. பிற்காலத்து நூல்களில் கடைசி இலக்கங்கள் படிநிலையைக் குறிக்கும்: 10 என்பது ஓட்டுநருக்கும், 20 என்பது படைப்பிரிவுப் பட்டறைக்கும், 34 என்பது அதற்கு மேற்பட்ட பட்டறைக்கும் உரியது. இறுதியில் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது உறுப்புப் பட்டியல்.

அமெரிக்க நடுவண் அரசு தானே எழுதி வெளியிட்ட நூல்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. இதனாலேயே இவை மறுபதிப்புகளாகவும் மின்வருடல்களாகவும் தாராளமாகக் கிடைக்கின்றன. போர்க்கால நூல்களின் அட்டையில் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற குறிப்பு காணப்படலாம். அவ்வகைப்பாட்டை அமெரிக்கா 1953இல் கைவிட்டது. பராமரிப்பைப் படையினர் விரும்பிப் படிக்கும்படி செய்ய, 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற போர்க்கால இதழில் வில் ஐஸ்னர் படக்கதைகள் வரைந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிரித்தானிய, இந்திய முறை

பிரித்தானியப் படையில் 1942இல் மின்-எந்திரப் பொறியாளர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. பராமரிப்பு விதிகள் 'எமர்' எனச் சுருக்கி அழைக்கப்பட்ட தொகுப்புகளாக வெளியாயின. இந்தியாவில் இதற்கு இணையான படைப்பிரிவு 1943இல் உருவானது. எமர் தொகுப்பு ஒரே நூலன்று. தனித்தனித் தாள்களாக வந்து கோப்பில் சேர்க்கப்பட்டது. திருத்தம் வந்தபோது பழைய தாள் நீக்கப்பட்டது. எனவே கிடைக்கும் தொகுப்பு முழுமையானதா என்பதைப் பொருளடக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சக்திமான்

சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் 415 எல்1 ஏஆர் என்ற வடிவமைப்பை உரிமம் பெற்றுச் செய்த 3 டன், நான்கு சக்கர இயக்க வண்டியாகும். உற்பத்தி முதலில் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் தொடங்கியது. 1969இல் அங்கு ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டபின் பணி அதற்கு மாறி, 1996 வரை நடைபெற்றது.

இவ்வண்டிக்கு நூல் தேடுவோர் பொதுவாக எம்.ஏ.என். 630 நூல்களைக் காண நேரும். மேற்கு ஜெர்மானியப் படை பயன்படுத்திய அந்த 5 டன் வண்டி தோற்றத்தில் ஒத்திருப்பினும் வேறு வண்டி. அதன் இறுக்க அளவுகளையும் இடைவெளி அளவுகளையும் சக்திமானுக்குக் கொள்வது எந்திரத்தையே கெடுத்துவிடக்கூடும். 415க்குரிய ஜெர்மன் மொழி நூல்கள் பொருத்தமானவை. ஆயினும் இந்தியாவில் செய்யப்பட்ட மாற்றங்கள் அவற்றில் இரா.

நூல்களை வெளியிட்ட அமைப்புகளும் மாறிவிட்டன. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஊர்தித் தொழிற்சாலை, சென்னையை அடுத்த ஆவடியில் தலைமையகம் கொண்ட கவச ஊர்தி நிறுவனத்தின் கீழும், பீரங்கி வண்டித் தொழிற்சாலை கான்பூரிலுள்ள மற்றொரு நிறுவனத்தின் கீழும் வந்தன. ஆகவே தொடக்ககால வண்டிக்கும் பிற்கால வண்டிக்கும் விசாரிக்க வேண்டிய இடம் ஒன்றன்று.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) அரசு வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964 வரை வெளியானவற்றின் உரிமை முடிந்துவிட்டது. ஆனால் பதிப்புரிமை முடிவதும் பாதுகாப்பு வகைப்பாடு நீங்குவதும் வெவ்வேறு. 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற வகைப்பாடு இந்தியாவில் இன்றும் வழக்கில் உள்ளதால், அக்குறிப்புள்ள நூலை நகலெடுத்துப் பரப்புமுன் முறைப்படி கேட்டறிவது அவசியம்.

நிசான் வண்டிகள்

ஜபல்பூரில் செய்யப்பட்ட நிசான் ஒரு டன் வண்டிக்கும் ஜோங்காவுக்கும் நிலைமை இவ்வளவு கடினமன்று. ஜோங்காவின் மூலமான நிசான் பேட்ரோல் 60 ஆஸ்திரேலியாவில் பரவலாக விற்பனையானது. எனவே அதற்கு ஆங்கில நூல்கள் உண்டு. இரு வண்டிகளின் பெட்ரோல் எந்திரமும் நிசானின் 'பி' வகையைச் சேர்ந்ததாகும்.

நூல் கிடைக்காதபோது

முழு வண்டிக்கான நூல் இல்லாவிடினும் உறுப்புகள் பல தம் விவரத்தைத் தாமே தாங்கியுள்ளன. உருளைத் தாங்கியின் (பேரிங்) எண் உலகப் பொதுவானது. 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். அது எவ்வண்டியில் இருந்தாலும் அளவு மாறாது. எரிபொருள் பம்பு, மின்னாக்கி போன்றவற்றைச் செய்த நிறுவனங்களின் தகடுகளும் அவற்றில் இருக்கும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில், உறுப்பின் பெயரைச் சொல்வதைவிட அவ்வெண்ணையோ கழற்றிய உறுப்பையோ காட்டுவது விரைவில் பயன்தரும்.

பழைய நூல்களைப் பயன்படுத்துகையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க நூல்களில் எண்ணெய்கள் ஓ.இ. (எந்திர எண்ணெய்), ஜி.ஓ. (கியர் எண்ணெய்), சி.ஜி. (பொதுப் பயன் கிரீசு) எனக் குறியீட்டால் தரப்பட்டுள்ளன; அவற்றுக்கு இணையான இன்றைய தரத்தைக் கண்டறிந்தே ஊற்ற வேண்டும். அக்காலத் தடைக்கட்டைகளில் (பிரேக் லைனிங்) கல்நார் கலந்திருந்தது. அத்தூசியைக் காற்றால் ஊதுவது நுரையீரலுக்குத் தீங்கானது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.