வடசென்னையில் வாக்குக்கு அத்தாட்சி

சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் 1870-களின் பிற்பகுதியில் கடலுக்குள் நீளத் தொடங்கிய காலம் முதலாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் மணல் அங்கே தடைப்பட்டு நிற்க, தென்புறத்தில் மெரினா அகன்றுகொண்டே போயிற்று. வடபுறத்திலோ இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் கரை அரிக்கப்பட்டு, குப்பத்துக்குக் குப்பம் வீடுகளும் தெருக்களும் அலைக்கு இரையாகி வந்திருக்கின்றன. வாக்காளர் பட்டியல் என்பது வீட்டு எண்ணை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் ஆவணம். வீட்டையே கடல் கொண்டுபோகும் கரையில், "நீ யார், எங்கே வசிக்கிறாய், அதற்கு என்ன அத்தாட்சி?" என்று சர்க்கார் கேட்கும் கேள்வி வேறெங்கும் இல்லாத கனத்தோடு வந்து விழுகிறது. அந்தக் கேள்வியின் பூர்வ சரித்திரத்தை வடசென்னையில் நின்று பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

தேர்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து அந்தச் சாசனத்திலேயே, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரே குடத்தில் இடத்தக்கது என்ற விதி இருப்பதை மட்டும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் வகுத்த சட்டமும் ஏறக்குறைய அதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தது. 1920-இல் சென்னை மாகாணத்தின் 4 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களில் வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். மறு ஆண்டிலேயே, இந்திய மாகாணங்களுக்கெல்லாம் முன்னோடியாக, பெண்களும் வாக்களிக்கலாம் என்று சென்னைச் சட்டசபை தீர்மானித்தது. ஆனால் அதுவும் சொத்துள்ள பெண்களுக்குத்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும், இராயபுரத்து ரயில்வே கொட்டகையில் கரி அள்ளியவனுக்கும், வலை இழுத்தவனுக்கும் காட்டுவதற்கு வரி ரசீது ஏது? 1918-இலேயே இந்த வடசென்னை மண்ணில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே உரிமை பேசத் தொடங்கியிருந்தார்கள். எனினும் 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த 215 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டவை 6. நிலப்பிரபுக்களுக்கும் அதே 6, வர்த்தகத்துக்கும் தொழில்துறைக்கும் அதே 6.

இந்த அநீதியை ஒரே எழுத்தில் துடைத்தெறிந்தது, வயது வந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை தந்த நம்முடைய அரசியல் சட்டத்தின் 326-ஆம் விதி. 1951–52 பொதுத் தேர்தலில் 17.3 கோடிப் பேர் பெயர்கள் பட்டியலில் ஏறின. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்திய அந்த மகாயக்ஞத்தில் ஒரு குறை நேர்ந்தது. வட மாகாணங்களில் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்றைக்கே பெயர்தான் முதல் அத்தாட்சி என்பது தெளிவாயிற்று. வேறு காகிதம் எதையும் சாவடியில் கேட்கவில்லை.

அப்படியானால் ஆள்மாறாட்டத்தை எப்படித் தடுத்தார்கள்? விரலில் அழியாத மை இட்டார்கள். அதைவிட முக்கியமாக, மனிதரின் முகத்தை மனிதர் அறிந்திருந்தார்கள். குப்பம் என்பது அனைவரும் அனைவரையும் அறிந்த இடம். பட்டியலில் எழுதியிருக்கும் பெயரை வீட்டாரே மறந்து பட்டப்பெயரால் அழைக்கும் ஊரில்கூட, கட்சிகளின் சாவடி ஏஜெண்டுகள் அந்தத் தெருக்காரர்களாகவே இருந்தபடியால், வந்தவர் இன்னார் மகன் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். சந்தேகம் எழுந்தால், ஏஜெண்டு 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது இன்றைக்கும் உயிரோடிருக்கும் விதி. அதில் நான் மிகவும் மதிப்பது, ஆட்சேபித்தவரே முதலில் தம் ஆட்சேபத்துக்குச் சாட்சியம் காட்ட வேண்டும் என்பதுதான். ஆட்சேபம் ஊர்ஜிதமாகாவிட்டால் வாக்காளர் வாக்களிக்கலாம்; வீண் ஆட்சேபமென்று அதிகாரி கருதினால் அந்த 2 ரூபாயும் போய்விடும். அத்தாட்சியின் பாரம் வாக்காளரின் தலைமேல் இல்லை. அடுத்து நடந்ததெல்லாம் அந்தப் பாரம் மெல்ல மெல்ல இடம் மாறிய கதையே.

கள்ள ஓட்டு கற்பனையன்று; வாக்களிக்கப் போனவர், "உங்கள் ஓட்டு போட்டாயிற்று" என்று கேட்டுத் திரும்பி வந்த வேதனையைப் பொய்யென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகையால் 1960-இலேயே கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் புகைப்பட அட்டை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வாக்காளரில் பலரைப் படம் பிடிக்கவே முடியாமற்போய் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1993 ஆகஸ்டில், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து தலைமைத் தேர்தல் ஆணையராக உயர்ந்த டி. என். சேஷன், புகைப்பட அடையாள அட்டை வழங்கவேண்டுமென உத்தரவிட்டு, மாநில சர்க்கார்களோடு மல்லுக்கு நின்று அதை நிறைவேற்றத் தொடங்கினார். அந்த அட்டையால் ஏழைக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும்: தன் முகத்தோடு சர்க்கார் முத்திரை சேர்ந்த காகிதம் ஒன்று அநேக குடும்பங்களுக்கு அதுவே முதலாவது. அட்டை இல்லாதவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ் புத்தகம் போன்றவற்றுள் ஒன்றைக் காட்டினால் போதும் என்று ஆணையம் பிற்காலத்தில் வழியும் விட்டது. அட்டை கேட்கும் இதே வழக்கம் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும், 2023 முதல் இங்கிலாந்திலும் உண்டு.

ஆனால் வடசென்னையில் குடியிருப்பு என்பது நிலையற்றது. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அடித்த பிறகு இக்கரையின் மீனவர் குடும்பங்கள் திருவொற்றியூர்க் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளிலும், அப்பால் எர்ணாவூர்க் குடியிருப்புகளிலும் வாழ நேர்ந்தது. நகரின் கூவக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். ஆட்கள் போன வேகத்தில் பெயர்கள் போவதில்லை: பட்டியலின் பழைய பாகத்தில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார், புதிய இடத்தில் ஆள் இருப்பார், பெயர் இராது. பட்டியலில் போலி என்று தோன்றுவனவற்றில் பெரும் பங்கு இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

வடசென்னையின் இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியின் அனுபவத்தை இங்கே மறக்கலாகாது. 2017 ஏப்ரல் 12-இல் நடக்கவேண்டிய இடைத்தேர்தல், வாக்காளருக்குப் பணம் விநியோகிக்கப்பட்டதன் காரணமாக ஆணையத்தால் ரத்துச் செய்யப்பட்டு, டிசம்பர் 21-இல்தான் நடந்தது. போலிப் பெயர்களை நீக்கக் கோரித் தி.மு.க. உயர்நீதிமன்றம் சென்றதும் அதே தொகுதிக்காகத்தான். ஆயினும் தேர்தலை நிறுத்திய நோய் ஆள்மாறாட்டமன்று. மெய்யான அட்டை வைத்திருந்த மெய்யான வாக்காளரின் வீட்டுக்கே பணம் போயிற்று. எந்த அடையாள அட்டையும் அந்த நோய்க்கு மருந்தாகாது.

2025 அக்டோபர் 27-இல் அறிவிக்கப்பட்ட, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் பாரத்தை முற்றிலும் வாக்காளர்மேல் ஏற்றிவிட்டது. ஒவ்வொருவரும் படிவம் நிரப்பித் தரவேண்டியிருந்தது. 2002–05 காலத்துப் பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் காட்டவேண்டியிருந்தது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவில் தமிழ்நாட்டின் 6.41 கோடிப் பெயர்களில் 97 லட்சத்துக்கு மேல் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்கு மேற்பட்டவை விடுபட்டன. இறந்தவர்கள், இருமுறை பதிந்தவர்கள் பெயர்களை நீக்கியது நியாயமே. ஆனால் மாநிலத்தில் விடுபட்டவற்றில் 66 லட்சம், இடம் பெயர்ந்தவர்கள் என்ற தலைப்பின்கீழ் வந்தன. இடம் பெயர்ந்தவர் பிரஜையல்லாமற் போவாரா? உரிமை கோரிப் பெயர் சேர்க்க அவகாசம் தரப்பட்டது உண்மை. ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்கு அலுவலகத்தில் நிற்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு.

பம்பாய், டில்லிக் குடிசைவாசிகள் பெயர் சம்பந்தமான லால்பாபு ஹுசேன் வழக்கில், முன்பே பட்டியலில் இருப்பவரின் பதிவுக்கு உரிய மதிப்புத் தரவேண்டும், தக்க விசாரணையின்றி நீக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. வீடற்றவர் விஷயத்தில் ஆணையத்தின் விதி அதைவிட அழகானது: நடைபாதையில் உறங்குபவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால், சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே சென்று, அவர் அங்கே உறங்குகிறார் என்பதைத் தம் கண்ணால் கண்டால் போதும், வசிப்பிடத்துக்கு வேறு காகிதம் வேண்டுவதில்லை. சர்க்கார் மனிதனைத் தேடிப் போகும் இந்த விதியே எல்லாருக்கும் விதியாக வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பட்டியலில் உங்கள் பெயரைப் பார்க்கும்போது, கடல் அரித்த தெருவிலிருந்தோ இடித்த குடிசையிலிருந்தோ வேறிடம் போய்விட்ட உங்கள் பழைய அண்டை வீட்டார் பெயரையும் தேடிப் பாருங்கள். இல்லையானால் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் வரையில் பெயர் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது.