மேரி ஆன் காட்டனின் வழக்கு

1873ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் காலையில், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் நகரச் சிறையில் 40 வயதுப் பெண்ணொருத்தி தூக்கிலிடப்பட்டாள். மேரி ஆன் காட்டன் என்பது அவள் பெயர். 7 வயதுச் சிறுவன் ஒருவனைப் பாஷாணம் கொடுத்துக் கொன்றாள் என்பதே நீதிமன்றத்தில் அவள்மீது மெய்ப்பிக்கப்பட்ட குற்றம். மக்கள் நாவில் வழங்கிய கணக்கு வேறு. பெற்ற தாய், கணவன்மார், வயிற்றிற் பிறந்த மக்கள், மாற்றாந்தாயாக வளர்த்த மக்கள் என 21 பேர் வரை அவள் கையால் மாண்டனர் என்று பிற்காலத்தில் எழுதியோர் உளர். இத்தனை சாவுகள் ஒரு பெண்ணைச் சுற்றி நிகழ்ந்தும், ஏறத்தாழ 20 ஆண்டுகள் எவரும் ஐயுறவில்லையே, அஃது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

1832ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டர்ஹாம் வட்டாரத்து லோ மூர்ஸ்லி என்னும் சிற்றூரில் அவள் பிறந்தாள். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவள் சிறுமியாக இருந்தபோதே அவர் சுரங்கக் குழியில் வீழ்ந்து மாண்டார். அக்காலத்துச் சுரங்கக் குடும்பங்கள் ஓரிடத்தில் வேரூன்றி வாழ்ந்தவை அல்ல. கூலி கூடும் இடத்தை நாடிச் சட்டி பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஒரு சுரங்கத்திலிருந்து மற்றொரு சுரங்கத்திற்குப் பெயர்வதே அவர்கள் வழக்கம். புதிய ஊரில் அண்டை வீட்டார் அன்புடையவராகவே இருக்கலாம். ஆயினும் நேற்றுவரை நாம் எங்கிருந்தோம், யாரை இழந்தோம் என்பதை நாமே சொன்னாலன்றி அவர்கள் அறியார். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றி, சாவு அன்று அரிதான செய்தியும் அன்று. அந்நாளைய இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 150 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. வாந்தியும் பேதியும் வயிற்று வலியும் கண்ட குழந்தை இறந்தால், மருத்துவர் 'குடற் காய்ச்சல்' என்று எழுதிக் கொடுப்பார். வெள்ளைப் பாஷாணம் உண்டவர்க்குக் காணும் குறிகளும் இவையே. நிறமும் மணமும் அற்ற அப்பொடி தேநீரில் கரைந்தால் எளிதில் தெரியாது.

மேரி ஆன் 1852இல் வில்லியம் மோப்ரே என்பவரை மணந்தாள். அவர்களுக்குப் பிறந்த மக்களுட் பலர் இளமையிலேயே இறந்தனர். 1865 ஜனவரியில் மோப்ரேயும் வயிற்று நோயால் இறந்தார். அவர் உயிருக்குச் செய்திருந்த இன்ஷூரன்ஸ் தொகை 35 பவுண்டு அவளுக்குக் கிடைத்தது. ஒரு தொழிலாளியின் அரையாண்டுக் கூலிக்கு ஏறத்தாழ இணையான பணம் அது. பின்னர் சண்டர்லாந்து நகர மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, அங்கு நோயாளியாக இருந்த ஜார்ஜ் வார்டு என்பவரை அவ்வாண்டே மணந்தாள். 1866 அக்டோபரில் அவரும் மறைந்தார்.

அடுத்து, மனைவியை இழந்த ஜேம்ஸ் ராபின்சன் என்னும் கப்பல் தச்சரின் வீட்டை நடத்தும் பணிக்குச் சென்றாள். சில வாரங்களில் அவ்வீட்டுக் கைக்குழந்தை இறந்தது. 1867இன் வேனிற் பருவத்தில் அவளுடைய தாயும், அவளுடைய மகள் ஒருத்தியும், ராபின்சனின் மக்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ராபின்சன் அவளை மணந்தார்! துயரத்தில் தனித்தவன் தன் வீட்டில் அடுப்பெரிப்பவளை ஐயுறுவது எளிதன்று போலும். ஆனால் கடன் சீட்டுகள் அவர் கண்ணைத் திறந்தன. தாம் அறியாமல் கடன் பட்டதையும், சேமிப்பில் போடக் கொடுத்த பணம் மறைந்ததையும் கண்டு, 1869இல் அவளை வீட்டினின்று வெளியேற்றினார். தம் உயிரை இன்ஷூர் செய்யுமாறு அவள் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை என்பர். அவள் மணந்த நால்வருள் உயிரோடு எஞ்சியவர் அவர் ஒருவரே.

ராபின்சன் உயிரோடு இருக்கையிலேயே 1870இல் பிரடெரிக் காட்டன் என்பவரை மணந்தாள். அம்மணம் சட்டப்படி செல்லாது. எனினும் அப்பெயரே அவளுக்கு நிலைத்தது. குடும்பம் மேற்கு ஆக்லண்ட் என்னும் சுரங்க ஊருக்குப் பெயர்ந்தது. 1871 செப்டம்பரில் காட்டன் இறந்தார். 1872 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அவருடைய மூத்த மகனும், மேரி ஆன் பெற்ற கைக்குழந்தையும், அவ்வீட்டில் தங்கியிருந்த ஜோசப் நாட்ரஸ் என்பவரும் இறந்தனர். எஞ்சியவன் காட்டனின் மற்றொரு மகன், சார்லஸ் எட்வர்டு.

அவ்வூரில் தாமஸ் ரைலி என்றொரு பாரிஷ் அதிகாரி இருந்தார். ஏழைகளுக்கான உதவியைக் கவனிப்பது அவர் பணி. 1872 ஜூலையில் அம்மை கண்ட ஒருவருக்குப் பணிவிடை செய்ய அவளை அவர் அழைத்தபோது, சிறுவன் தனக்கு இடையூறாக இருப்பதாகவும், அவனை ஏழையர் விடுதியில் சேர்க்கலாகாதா என்றும் அவள் கேட்டாள். அவளும் உடன் சென்றாலன்றி இயலாது என்றார் ரைலி. அவன் நெடுநாள் இருக்கப்போவதில்லை, காட்டன் குடும்பத்தார் ஏனையோரைப் போலப் போய்விடுவான் என்னும் பொருள்பட அவள் விடை கூறினாள். சில நாள்களில் சிறுவன் இறந்த செய்தி வந்தது. ரைலி அந்தச் சொல்லை மறக்கவில்லை. காவலரிடமும் மருத்துவரிடமும் விரைந்து சென்று, சான்றிதழ் தரவேண்டா என்று வேண்டினார். அவளோ இன்ஷூரன்ஸ் பணம் கேட்கச் சென்றாள். சான்றிதழ் இன்றிப் பணமில்லை என்று திருப்பி அனுப்பினர்.

முதலில் நடந்த மரண விசாரணை, இயற்கைச் சாவு என்றே முடிந்தது! வழக்கு அத்துடன் மடிந்திருக்கும். ஆனால் மருத்துவர் கில்பர்ன் சிறுவனின் வயிற்றிலிருந்து எடுத்தவற்றுட் சிலவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தார். 1841இல் ரைன்ஷ் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட சோதனை முறை அப்போது வழக்கில் இருந்தது. ஐயத்திற்குரிய பொருளை அமிலத்திலிட்டுக் காய்ச்சி, அதில் செப்புத் தகட்டைத் தோய்த்தால், பாஷாணம் இருப்பின் தகட்டின்மேல் கரும்படலம் படியும். கில்பர்ன் சோதித்தார், படலம் படிந்தது. ஜூலை 18ஆம் நாள் அவள் சிறைப்பட்டாள். நாட்ரஸின் உடலும் இரு குழந்தைகளின் உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன. லீட்ஸ் நகர நிபுணர் ஸ்காட்டர்குட் சோதித்ததில் அவற்றிலும் பாஷாணம் இருந்தது. காட்டனின் உடலையும் தேடினர். ஏழைகளின் அடையாளமற்ற புதைகுழிகளிடையே அஃது அகப்படவே இல்லை.

சிறையில் அவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அதனால் தள்ளிவைக்கப்பட்ட விசாரணை 1873 மார்ச் 5ஆம் நாள் தொடங்கியது. அரசுத் தரப்பில் வாதாடியவர், பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய சார்லஸ் ரஸ்ஸல். அவளுக்காக வாதாடிய காம்ப்பெல் பாஸ்டருக்கு அப்பொறுப்பு கிட்டியதோ வழக்குத் தொடங்கும் தறுவாயில். அறைச் சுவரில் ஒட்டிய பச்சைத் தாளின் சாயத்தில் பாஷாணம் உண்டு, அதன் துகளே சிறுவனைக் கொன்றது என்று அவர் வாதித்தார். நகைப்பதற்கில்லை, அக்காலப் பச்சைச் சாயங்கள் பலவற்றில் பாஷாணம் கலந்தே இருந்தது. மூட்டைப் பூச்சியை ஒழிக்கக் கட்டிலில் பூசும் சோப்புக் கலவையிலும் அஃது உண்டு. அத்தகைய கலவையை அவளுக்கு வாங்கித் தந்ததாக அண்டை வீட்டுப் பெண்ணே சாட்சி கூறினாள்.

சிறுவனின் சாவு ஒன்றே வழக்காயினும், முன்னைய சாவுகளைப் பற்றிய சாட்சியத்தையும் ஏற்கலாம் என்று நீதிபதி ஆர்ச்சிபால்டு முடிவு செய்தார். வழக்கின் திருப்பம் இதுவே என்பது என் கருத்து. ஒருமுறை சுவர்த்தாள் கொல்லக் கூடும். ஒரே வீட்டில் நான்கு முறை கொல்லுமா? அதே வேளையில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் வழக்கில் தாமே சாட்சி சொல்லும் உரிமை அந்நாட்டில் பொதுவாகக் கிடைத்தது 1898ஆம் ஆண்டில்தான். எனவே கூண்டில் நின்ற அப்பெண் சான்று கூற வழியே இல்லை. ஜூரர்கள் நெடுநேரம் எடுத்துக்கொள்ளாமல் குற்றவாளி என்றனர்.

அவள் பலரைக் கொன்றாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 21 என்னும் எண்ணை நான் ஏற்கத் தயங்குவேன். நான்கு உடல்களில் பாஷாணம் கண்டனர். மற்றைய சாவுகளுக்குச் சான்றாக இருப்பவை பழைய பதிவேட்டு வரிகளே. எல்லாக் குழந்தைகளும் இறந்துகொண்டிருந்த காலத்தில், அவள் கொன்றவை எவை, காய்ச்சல் கொன்றவை எவை என்று இன்று பிரித்தறிய வழியில்லை.

இறுதிவரை தான் குற்றமற்றவள் என்றே அவள் கூறினாள். முதிய கொலையாளர் வில்லியம் கால்கிராப்ட் கயிற்றைப் பூட்டினார். கயிறு குட்டையாக இருந்தமையால் உயிர் உடனே பிரியவில்லை. 1874இலும் 1875இலும் சாவுப் பதிவு, குழந்தை இன்ஷூரன்ஸ் ஆகியவை பற்றிப் புதிய சட்டங்கள் வந்தன: மருத்துவர் சான்றிதழ் கட்டாயமாயிற்று, 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் சாவுக்கு 6 பவுண்டுக்கு மேல் தரலாகாது என்றும் விதித்தனர்.

சிறையில் பிறந்த பெண் குழந்தையைத் தூக்குக்குச் சில நாள் முன்னர் அவள் மடியினின்று வாங்கி, வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்புவித்தனர். ராபின்சனிடம் எஞ்சிய ஜார்ஜ் என்னும் மகனும் இக்குழந்தையுமே அவள் பெற்ற மக்களுள் வளர்ந்து ஆளானவர்கள்.