தாளோடு சேர்ந்த திரை

அச்சிட்ட பக்கத்தின் மீது முப்பரிமாண உருவம் எழுந்து நிற்பதுபோல் காட்டிய 'மேஜிக்புக்' 2001இல் அறிமுகமானபோதும், சிறப்புக் கருவி தேவைப்பட்டதால் அது எளியோர் வீட்டுக்கு வரவில்லை. அந்த வாசலைத் திறந்தது, 1994இல் ஜப்பானில் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காணப் பிறந்த, கைபேசி படிக்கவல்ல கட்டமான கியூஆர் குறியீடுதான். 2018இல் தமிழ்நாட்டின் 1, 6, 9, 11ஆம் வகுப்புப் புதிய பாடநூல்களில் அச்சேறி, அது படத்தோடு காணொளியையும் இணைத்தது. ஆயினும், தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டு, தகுதி பெற்றோருக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டபோது, பிள்ளைகள் தமிழ் பயின்ற தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி எட்டாத்தொலைவானது. அந்த இழப்பை எந்தக் குறியீடும் ஈடுசெய்யாது.