அடிக்கடி நீர் பிரிதல் (தஞ்சை வட்டாரம்)

அடிக்கடி நீர் பிரிதல் தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான குறி. பகலில் எட்டு முறைக்கு மேல் போவதும், இரவில் இரண்டு மூன்று முறை தூக்கம் கலைந்து எழுவதும் இதில் சேரும். நாளொன்றுக்கு 3 லிட்டருக்கு மேல் நீர் வெளியேறினால் அது பெருநீர்ப்போக்கு. முட்டிக்கொண்டு வந்தும் கொஞ்சமே போவது வேறு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே காரணம் தேடுவதில் முதற்படி.

சித்த மருத்துவம் மேகம் என்னும் நீர்நோயை இருபதாக வகுக்கிறது: வாதத்தால் 4, பித்தத்தால் 6, கபத்தால் 10. நீரில் ஈயும் எறும்பும் மொய்க்கும் மதுமேகமே இன்றைய சர்க்கரை நோய். நாடி பார்ப்பதோடு நீரையும் பார்ப்பது இம்மரபின் சிறப்பு. நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. நெய்க்குறிக்கு, விடியற்காலை முதல் நீரைக் கிண்ணத்தில் பிடித்து, காற்றில் அசையாமல் வைத்து, நல்லெண்ணெய் ஒரு துளி விடுவர். துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். தேரையர் பெயரால் வழங்கும் இம்முறை இன்றும் சித்த மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது.

தஞ்சையில் இம்மரபுக்கு அரச ஆதரவு கிடைத்தது. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவக்கூடத்தை நடத்தினார். அங்கு கையாண்டு பார்த்த மருந்து முறைகளை அரசவைப் புலவர்கள் செய்யுளாக்கினர். அவை நோய்வாரியாகத் தொகுக்கப்பட்டு, 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற வரிசையில் சரசுவதி மகால் நூலக வெளியீடுகளாக வந்தன. நீரிழிவுக்குத் தனி நூலே உண்டு. மருந்தைச் செய்யுளில் கட்டியதால் மனப்பாடம் எளிதாயிற்று. ஆனால் அளவில் ஐயம் வந்தால் வைத்தியரைத்தான் கேட்க வேண்டும். நீரிழிவுக்கு மரபில் பெயர்பெற்றது ஆவாரைக் குடிநீர். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகிய ஏழும் அதில் சேரும்.

இன்றைய மருத்துவம் சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, கல், மிகை இயக்கச் சிறுநீர்ப்பை, கருவுற்ற நிலை, நீர் பிரிக்கும் மாத்திரை எனக் காரணங்களைத் தேடும். வயதான ஆண்களில் புரோஸ்டேட் வீக்கத்தையும் பார்க்கும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அது நீரையும் இழுத்துச் செல்லும். தாகம் எடுப்பதும் அதனால்தான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்று மறுசோதனையிலும் வந்தால் சர்க்கரை நோய் உறுதி. கூடவே சிறுநீர்ச் சோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பர். எப்போது, எவ்வளவு போனது என்று மூன்று நாள் குறித்து வருவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

காவிரி டெல்டாவில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைத்து நீரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பும் தொற்றும் வர இது வழி வகுக்கும்.  எரிச்சல், காய்ச்சல், இடுப்புவலி, நீரில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கைமருந்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வட்டாரத்தாருக்கு அதற்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உண்டு; அது 1959இல் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடப்பில் உள்ளது.