தருமர் கையில் சிப் இல்லை! - செஞ்சி கூத்துக்களம் முதல் கோவா கப்பல் வரை ஒரு பணயக் கதை

கசினோ மேசையை சினிமாவில் பார்த்திருப்பீங்க. கலர் கலரா, வட்ட வட்டமா வில்லைகளை அடுக்கிவைத்து, மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளுவார் ஹீரோ. அந்த வில்லைக்குப் பெயர்தான் 'சிப்'. பணத்தையே வைத்து ஆடினால் என்ன, நடுவில் இந்த வில்லை எதற்கு? கேள்வி சின்னதுதான். ஆனால், சூதாட்டத்தின் சூட்சுமமே அதன் பதிலில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, லாஸ் வேகஸுக்கு முன்னால் செஞ்சிக்கு ஒரு நடை போய்வருவோம்.

பெயர் சொல்லி வைத்த பணயம்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜாவும்தான் நினைவுக்கு வருவாங்க. அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வட தமிழகம் முழுக்கப் பரவியிருக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்வீடாகச் சொல்லப்படுவது, 'பழைய செஞ்சி' எனப்படும் மேலச்சேரிதான். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது.

இந்தக் கோயில்களின் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. அதில் சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் ராத்திரியில் கூட்டம் அசையாது. சகுனி பகடையை உருட்டுகிறான். தருமர் செல்வத்தை வைக்கிறார், நாட்டை வைக்கிறார், தம்பிகளை ஒவ்வொருவராக வைக்கிறார், தன்னையே வைக்கிறார். கடைசியில் பாஞ்சாலியையும் வைத்துத் தோற்கிறார்.

அங்கே வில்லை கிடையாது. எதை வைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆட வேண்டும். சபையும் கேட்கிறது, கூத்து பார்க்க வந்த ஊரும் கேட்கிறது. 'தன்னைத் தோற்ற பிறகா என்னை வைத்தார்?' என்று பாஞ்சாலி கேட்பதும் ஒரு கணக்குதான். தோற்றது எவ்வளவு என்று யாருக்கும் மறக்காது. அந்த மறதியைக் கொடுப்பதுதான் சிப்போட வேலை.

சில்லு, சிப்பி, மீன்

தமிழனுக்கும் வில்லைக்கும் பழக்கம் பழசு. கீழடி அகழாய்வில் தாயக்கட்டையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. சுடுமண் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆனால், காய் என்பது ஆடுவதற்கு. காசுக்குப் பதிலாக நிற்கிற வில்லை வேறு சங்கதி.

அதன் வேர் ஐரோப்பாவில். 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் 'ஜெட்டோன்' என்று ஒரு சொல் உண்டு. முதலில் அது கணக்குப் பலகையில் கூட்டல் கழித்தல் போட உதவிய உலோக வில்லை. பிறகு சீட்டாட்ட மேசைக்கு வந்தது. இன்றைக்கும் ஐரோப்பிய கசினோக்களில் சிப்புக்கு அதுதான் பெயர். ஆக, கணக்குப் பார்க்கப் பிறந்த பொருள், கணக்கை மறக்கவைக்கும் இடத்துக்குக் குடிபோய்விட்டது.

18-ம் நூற்றாண்டில் பணக்கார ஐரோப்பியக் குடும்பங்கள், சீனாவின் கான்டன் நகரத்துக்கு ஆர்டர் கொடுத்து முத்துச்சிப்பியில் வில்லைகள் செய்து வாங்கின. குடும்பச் சின்னத்தைக்கூடச் செதுக்கித் தருவார்கள். வட்டம், நீள்சதுரத்தோடு மீன் வடிவத்திலும் வில்லைகள் இருந்தன. பிரெஞ்சில் ஆட்ட வில்லைக்கு 'ஃபீஷ்' என்றும் பெயர். அது ஆங்கிலேயர் காதில் மீனாக விழுந்ததுதான் காரணம் என்பார்கள். சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள் என்று வள்ளுவர் எப்போதோ சொல்லிவிட்டார். அது தெரியாமலே மீனை மேசையில் வைத்து ஆடியிருக்கிறார்கள்!

தங்கத்தூளில் இருந்து களிமண்ணுக்கு

19-ம் நூற்றாண்டு அமெரிக்க சலூன்களில் தங்கத்தூள், தங்கக்கட்டி, நாணயம் என எது கிடைத்ததோ அதை வைத்து ஆடினார்கள். ஒவ்வொரு முறையும் எடை போட்டு, மதிப்புப் பார்த்து ஆடுவது பெரிய தலைவலி. அதனால் எலும்பு, தந்தம், மரத்தில் வில்லைகள் வந்தன. அவற்றை யார் வேண்டுமானாலும் செய்துகொண்டு வந்துவிடலாம் என்பதால் போலிகள் பெருகின. 1880-களில் களிமண் கலவையில் அச்சு பதித்த சிப்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, கசினோ ஒவ்வொன்றும் தன் பெயரில் சிப் அடிக்கத் தொடங்கியது. நிறத்துக்கும் ஒரு வழக்கம் வந்தது. சிவப்பு என்றால் 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. விளிம்பில் தெரியும் கலர் பட்டைகள் அழகுக்கு மட்டுமில்லை. அடுக்கை மேலே இருக்கும் கேமராவில் பார்த்தே எவ்வளவு என்று எண்ணிவிடலாம்.

ஐரோப்பாவில் பெரிய தொகைக்கு வட்ட சிப் கிடையாது. 'பிளாக்' எனப்படும் செவ்வகத் தகடுதான். உள்ளங்கை நீளத்தில் பளபளப்பாக, வரிசை எண்ணோடு இருக்கும். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் 1923-ல் தொடங்கிய பூர்கோன் ஏ கிராஸே நிறுவனம் இந்தத் தகடுகளுக்குப் பேர்போனது. வட்ட சிப்பைச் சட்டென்று கையில் மறைத்துவிடலாம். இவ்வளவு பெரிய தகட்டை எங்கே மறைப்பது?

திருடினாலும் செல்லாது

2010 டிசம்பரில் லாஸ் வேகஸின் பெலாஜியோ கசினோவில் ஹெல்மெட் போட்ட ஒருவர் துப்பாக்கியோடு நுழைந்து, சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்தார். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 25,000 டாலர் சிப் வரிசையையே செல்லாது என்று அறிவித்தது. நம்ம ஊர் பணமதிப்பிழப்பு மாதிரிதான். திருடியவரும் அதை விற்கப்போய் மாட்டிக்கொண்டார்.

சிப் என்பது காசு இல்லை, ஒரு வாக்குறுதி. அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் அதற்கு டீக்கடையில் ஒரு டீகூட கிடைக்காது. இன்றைய உயர்மதிப்பு சிப்கள் பலவற்றின் உள்ளே ரேடியோ அலையில் அடையாளம் காட்டும் மின்னணுத் துணுக்கும் இருக்கிறது. அதனால் எது அசல், எது போலி என்று கசினோவுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்தச் சிப்களைப் பார்க்க, கோவாவின் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கசினோ கப்பல்களுக்கோ சிக்கிமுக்கோ போக வேண்டும். கோவாவில் நுழைவுக் கட்டணத்தோடு தரும் சிப்களைப் பெரும்பாலும் பணமாக மாற்ற முடியாது. ஆடித்தான் தீர்க்க வேண்டும். வரியும் சிப்பை விடவில்லை. 2023 அக்டோபர் முதல் தேதியில் இருந்து, சிப் வாங்கக் கொடுக்கும் முழுத் தொகைக்கும் 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவிகிதம். ஜெயிப்பீங்களோ தோற்பீங்களோ, வரி முதலிலேயே போய்விடும்.

கண்ணுக்கே தெரியாத சிப்

தமிழ்நாட்டில் 1930-ம் வருட சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2003-ல் லாட்டரியும் போனது. ஆனால் சிப், செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆன்லைன் ரம்மி, போக்கரில் திரையில் தெரியும் சிப்புக்கு எடை இல்லை, சத்தமும் இல்லை. தங்கத்தைக் களிமண் மறைத்தது. இப்போது களிமண்ணும் இல்லை. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. மாநில அரசின் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோவா டூர் போய் ஆசைக்கு மேசையில் உட்கார்ந்தாலும் சரி, ஏதோ ஒரு ஆப் 'சிப் வாங்குங்க' என்று கூப்பிட்டாலும் சரி, கையை நீட்டும் முன், தருமரைப் போலவே வைப்பதன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'இது 500 சிப்' என்று சொல்லாதீங்க. 'இது இந்த மாத மளிகை', 'இது பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ்' என்று சொல்லுங்க. அதுவும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி! பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

வீட்டில் யாராவது இதில் சிக்கி மீள முடியாமல் தவித்தால், திட்டித் தீர்ப்பதைவிடப் பேசவைப்பது முக்கியம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.