கோவிட்-19 நோயறிதல்: சி.டி. ஸ்கேனும் ஆய்வகப் பரிசோதனையும்

வைரஸ் சுவாசத் தொற்றுகளைக் கண்டறிவதில் ஆய்வகப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. தொற்றியிருப்பது எந்த வைரஸ் என்பதை ஆய்வகம் சொல்லும். நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படம் காட்டும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது என்பதைக் கோவிட்-19 தெளிவாக்கியது.

ஆய்வகப் பரிசோதனை

மூக்கின் உட்பகுதியிலும் தொண்டையிலும் எடுக்கப்படும் மாதிரியில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஆர்டி-பிசிஆர் தேடுகிறது. ஆர்.என்.ஏ. முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டுப் பல மடங்கு பெருக்கப்படுவதால், சிறிதளவு வைரஸும் பிடிபடும். இதில் ‘பாசிட்டிவ்’ முடிவு பெரும்பாலும் உறுதியானது; ‘நெகட்டிவ்’ அப்படியல்ல. மாதிரி சரியாக எடுக்கப்படாவிட்டாலோ, தொற்றிய உடனே எடுக்கப்பட்டாலோ, வைரஸ் நுரையீரலுக்கு இறங்கிய பிறகு எடுக்கப்பட்டாலோ நோய் கண்ணில் படாமல் போகலாம்.

சி.டி. ஸ்கேன்

கோவிட் நிமோனியாவில் இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் கீழ்மடல்களிலும் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல் திட்டுகள் தென்படுவது வழக்கம். இன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ் நிமோனியாக்களிலும் இத்தகைய திட்டுகள் வரக்கூடும். நோயின் தொடக்க நாட்களில் படம் இயல்பாகவே இருக்கலாம்.

வூகான் அனுபவம்

ஆய்வக வசதி போதாத நிலையில், 2020 பிப்ரவரியில் வூகான் அமைந்துள்ள சீனாவின் ஹூபெய் மாகாணம் சி.டி. அடிப்படையில் கண்டறியப்பட்டவர்களையும் நோயாளிகளாகக் கணக்கிட்டது. ஒரே நாளில் 14,840 பேர் பட்டியலில் சேர்ந்தனர். வூகானின் தொங்ஜி மருத்துவமனையில் 1,014 பேரிடம் நடந்த ஆய்வில், ஆர்டி-பிசிஆர் உறுதிசெய்தவர்களில் 97 விழுக்காட்டினரின் படத்தில் மாற்றம் இருந்தது. ‘நெகட்டிவ்’ ஆனவர்களிலும் நால்வரில் மூவருக்கு மாற்றம் தென்பட்டது. அவர்களில் யாருக்குக் கோவிட், யாருக்கு வேறு நோய் என்பதைப் படத்தால் மட்டும் பிரித்தறிய இயலாது.

நடைமுறை

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சில், சி.டி.யை முதல்நிலைப் பரிசோதனையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் வகுத்த வழிகாட்டுதல், ஆர்டி-பிசிஆர் கிடைக்காதபோதும், முடிவு தாமதமாகும்போதும், ‘நெகட்டிவ்’ வந்தும் அறிகுறிகள் வலுவாக இருக்கும்போதும் நோயறிய நெஞ்சுப் படத்தைப் பயன்படுத்தலாம் என்றது. நெதர்லாந்துக் கதிரியலாளர்கள் உருவாக்கிய கோ-ராட்ஸ் முறை, கோவிட் ஐயத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்துகிறது.

இந்தியாவின் இரண்டாம் அலையில், 25-க்கு இத்தனை என்ற சி.டி. மதிப்பெண் வீடுதோறும் பேசப்பட்டது. அது பாதிப்பின் பரப்பை அளப்பது. வைரஸை அடையாளம் காட்டுவதன்று. இலேசான நோயுள்ளவர்களுக்கு அந்தப் படம் தேவையற்ற கதிர்வீச்சையே தரும். படமும் பரிசோதனையும் முரண்பட்டால், நோயாளியைத் தனிமைப்படுத்தி மீண்டும் மாதிரி எடுப்பதே சரியான வழி. மூச்சுத்திணறல் முற்றியவர்களிடம் நுரையீரலின் ஆழத்திலிருந்து அதைப் பெறுவது கூடுதல் பயன் தரும்.